தொண்டை கட்டிய கொமாண்டர்

எனக்குக் குரல் பெரியது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தைரியம் பதினாறு வயதில்தான் வந்தது. அதற்கு முன்பு அது வீட்டில் ஒரு பிரச்சினை. பாகான் டாலாமில் எங்கள் பிளாட்டின் நாலாவது மாடியில் நின்று நான் தம்பியைக் கூப்பிட்டால், கீழே பந்து விளையாடிக்கொண்டிருக்கும் அவனோடு சேர்ந்து இன்னும் நாலைந்து வீட்டுத் தம்பிகளும் பயந்துபோய் வீட்டுக்கு ஓடுவார்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

“பொம்பளப் புள்ளைக்கு இது தொண்டையா, ஸ்பீக்கரா? மெதுவா பேசுடி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி நேத்துகூட கேட்டாங்க, உங்க வீட்ல ஏதும் சண்டையான்னு.”

“நான் மெதுவாத்தாம்மா பேசுறேன்” என்பேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவரை இந்தக் குரலால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசினோம். அதன் பிறகு அம்மா என்னைக் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் உள்ள ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியில் சேர்த்தார். ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. விடிவதற்குள் பெர்ரிப் படகு ஏறிப் போகிறவர், என்னையும் கையோடு கூட்டிப்போய்ப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். “என் கண்ணுக்குத் தெரியிற தூரத்துல இரு” என்பதுதான் அவர் சொன்ன காரணம். சலவைப் பிரிவின் ஜன்னலிலிருந்து எங்கள் பள்ளி தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்தப் பள்ளிக்கு நான் இன்றைக்கும் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் முதல் வருடம் முழுக்க அதைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். மலாய் மொழியில் மதிப்பெண் போதவில்லை என்று என்னைப் புகுமுக வகுப்பில் போட்டார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்தவர்கள் ஒரு வருடம் உட்கார்ந்து மலாய் படிக்கும் வகுப்பு அது. அது முடிந்து முதலாம் படிவம் என்ற அடுத்த வகுப்புக்குப் போன பிறகும் நான் எழுந்து பதில் சொன்னால் முன்வரிசை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபத்தைச் சொல்லவும் மலாய் வேண்டுமே. பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். என் அம்மாவால் அத்தனை வருடம் செய்ய முடியாததை அந்த வகுப்பறை சில மாதங்களில் செய்துவிட்டது. என் வாயை மூடிவிட்டது.

எங்கள் பள்ளிகளில் எல்லாரும் ஏதாவது ஒரு சீருடை இயக்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். நான் முதலுதவிப் படையில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மையெல்லாம் ஒன்றுமில்லை, அந்த மேசையில்தான் வரிசை குட்டையாக இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றுத்தருவார்கள் என்று நினைத்துப் போனால், வெயிலில் நிறுத்திக் காவாட் பழக்கினார்கள். காவாட் என்றால் அணிவகுப்பு. மூன்று வரிசையாக நின்று, கட்டளைக்குத் திரும்பி, கட்டளைக்கு நடந்து, கட்டளைக்கு நிற்பது. கட்டளைகள் எல்லாம் மலாயில்.

பொறுப்பாசிரியை வேதியியல் பாடம் எடுக்கிறவர், எப்போதும் அவசரத்தில் இருக்கும் ஒரு மலாய் அம்மா. எல்லாரையும் போல நாங்களும் அவரைச் சிக்கு, அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் எங்களை ஒவ்வொருத்தியாகத் திடலின் ஒரு மூலைக்கு அனுப்பி, அங்கிருந்து “ஸெடியா” என்று கத்தச் சொன்னார். நேராக நில் என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுடைய சத்தம் பாதித் திடலிலேயே களைத்துவிட்டது. என் முறை வந்தது. பல மாதமாக வாய்க்குள் கிடந்ததையெல்லாம் சேர்த்து ஒரு ஸெடியா போட்டேன். கேண்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அலுவலக வாசலில் நின்ற காவலாளி நேராக நின்றார்.

“இந்தக் குரல இவ்ளோ நாளா எங்க ஒளிச்சி வச்சிருந்த?” என்று சிக்கு கேட்டார். திட்டுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என்னை அணியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நாலாம் படிவம் வருவதற்குள் நான் எங்கள் படையின் கொமாண்டர்.

கொமாண்டருக்குத் தேவைப்படும் மலாய் கொஞ்சம்தான். நில், திரும்பு, நட, காலைத் தட்டு, கலைந்து போ. அந்தச் சில வார்த்தைகளை நான் எப்படி உச்சரித்தாலும் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அவர்களுக்கு நேரமில்லை, கால் தூக்க வேண்டியிருந்தது. அந்த வார்த்தைகளை நம்பித்தான் மற்ற வார்த்தைகளையும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தேன். இன்றைக்குப் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் என் கீழே வேலை செய்கிறவர்களுக்கு மலாயில் ஏச்சு விடுகிறேன் என்றால், அதன் பிள்ளையார் சுழி அந்தத் திடலில் போட்டது.

அணியில் எனக்கு மூன்று பேர் ரொம்ப நெருக்கம். முன்வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவள் ஒரு சீனப் பெண். அவளைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் வரிசை பிடிக்க வேண்டும். நல்ல உயரம், அதனால் எனக்கு அவள் நெட்டை. அவள் குடும்பம் காலைச் சந்தையில் மூலிகைத் தேநீர் விற்றது. நடு வரிசையில் நின்றவள் ஒரு தமிழ் முஸ்லிம் பெண். அவள் அத்தா, அதாவது அப்பா, நாசி கண்டார் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார், ஆகவே அவள் சாப்பாட்டுக்கடைக்காரி. மூன்றாவது வரிசையின் கடைசியில், என்னிடமிருந்து மிகத் தூரத்தில் நின்றவள் ஒரு மலாய்ப் பெண். அவள் ஊர் பாலிக் புலாவ். வீட்டைச் சுற்றி ஜாதிக்காய் மரங்கள். வார நாட்களில் டவுனில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். அவளைப் பாலிக் புலாவ் என்றே கூப்பிடுவோம். அவர்கள் மூவரும் எனக்கு வைத்த பெயர் ஹார்ன்.

நாங்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மலாயில் ஆரம்பித்து, இங்கிலீஷில் போய், திட்டுவதற்கு மட்டும் அவரவர் மொழிக்குத் திரும்பி வருவோம். இங்கே எல்லாருடைய பேச்சையும் தமிழில் எழுதுகிறேன், என் வசதிக்கு.

ஐந்தாம் படிவத்தில் மாநில அளவிலான காவாட் போட்டிக்கு எங்கள் அணி தேர்வானது. எங்கள் பள்ளியில் யாருக்கும் நினைவு தெரிந்து அப்படி நடந்ததில்லை. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. அணியில் இத்தனை பேர் நின்றாக வேண்டும் என்று விதி. வெயிலில் நிற்கச் சம்மதித்த பெண்களை எண்ணிப் பார்த்தால், சரியாக அத்தனை பேர்தான் இருந்தோம். மாற்று ஆள் கிடையாது. நான் நிற்க முடியாமல் போய் வேறொருத்தி கொமாண்டராக வெளியே வந்தால், வரிசையில் ஓர் இடம் காலியாகும், அணி தகுதி இழக்கும். எங்களில் பாதிப்பேருக்கு அதுதான் பள்ளியில் கடைசி வருடம்.

“உன் தொண்டையப் பாத்துக்க” என்று சிக்கு தினமும் சொல்வார். “ஸ்போர்ட்ஸ் நாள்ல வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது. விளையாட்டு நாள் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. சிவப்பு இல்லத்துக் கூடாரத்தில் காலையிலிருந்து கையை மட்டும் தட்டிக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தொடர் ஓட்டம். எங்கள் இல்லத்துக்காகக் கடைசிக் கோலை வாங்கி ஓடியவள் நெட்டை. மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தவள் வளைவில் ஒருத்தியை முந்தினாள். அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்காரும் ஜென்மமாக என்னைக் கடவுள் படைக்கவில்லை. அவள் முதலாவதாக வந்தாள். நான் பாதி உயிரோடு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பெர்ரியில் அம்மாவிடம் “இங்க உக்காரும்மா” என்று சொல்லப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. அம்மா முதலில் சந்தோஷப்பட்டார். “பாரு, இப்படித்தான் மெதுவா பேசணும்.” நான் தொண்டையைத் தொட்டுக் காட்டியதும் அவர் முகம் மாறியது. “அடக்கடவுளே. சளி கட்டிக்கிச்சு. எல்லாம் அந்த ஐஸ் தண்ணி பண்ற வேலை.” வழியில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் பால் வாங்கி, கைப்பையிலிருந்து மஞ்சளும் மிளகுத்தூளும் எடுத்துப் போட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பஸ்ஸைத் தவறவிட்டு நின்றார். கைப்பையில் மிளகுத்தூளோடு வேலைக்குப் போகிறவர் என் அம்மா. “உடம்பு குளுந்து போச்சு. இன்னிக்கு முழுக்க சூடான சாமான்தான் குடிக்கணும். பார்லி, கீர்லின்னு எதையும் தொட்டுறாத.”

பினாங்கில் ஒரு விஷயம் எல்லாருக்கும் பொது. எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் உடம்புக்கு வருவது சூட்டாலா குளிர்ச்சியாலா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி. அதில் சண்டை கிடையாது. ஆனால் ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் அது எதனால் என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு தீர்ப்பு.

பள்ளிக்குள் நுழைந்ததும் நெட்டை என்னைப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்துப் போனாள். முந்தின நாளே என் குரல் கரகரத்ததைக் கவனித்திருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்க். “புதுசு. ஹலால், ஹராம் பிரச்சினை இல்ல, மத்தவங்களும் இதுல குடிக்கலாம்னு எங்கம்மா கடையில வாங்கினாங்க” என்றாள். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. உள்ளே கறுப்பாக, வேப்பெண்ணெயின் தம்பி மாதிரி ஒரு தேநீர். “வெயில்ல நின்னு நின்னு உனக்குச் சூடு ஏறிப்போச்சு. இது குளிர்ச்சி. முழுசா குடி. மிளகு, இஞ்சி தொடவே கூடாது.”

காலையில் மிளகுப்பால் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? குரல்தான் இல்லையே. கையை ஆட்டினேன். கசப்புக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “சின்னப் புள்ளையா நீ? குடி லா” என்று அதட்டினாள். அவள் அம்மா எனக்காகக் கடைக்குப் போய் பிளாஸ்க் வாங்கியிருக்கிறார். குடித்தேன்.

இடைவேளையில் சாப்பாட்டுக்கடைக்காரி வந்தாள். அவள் அத்தா கடையில் தன் கையால் காய்ச்சிய கஷாயம். சுக்கு, மிளகு, மல்லி, கருப்பட்டி. “அத்தா சொன்னாங்க, இது உள்ள போனா வேற எந்தத் தண்ணியும் போகக் கூடாதாம். வாய்ப்பாட்டுக்காரங்களே இதத்தான் குடிப்பாங்களாம்.” அவள் அத்தாவுக்கு எந்த வாய்ப்பாட்டுக்காரரைத் தெரியும் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதையும் குடித்தேன். மதியம் பாலிக் புலாவ் ஒரு சின்னப் புட்டியில் ஜாதிக்காய் எண்ணெய் கொண்டுவந்து என் கழுத்தில் தேய்த்துவிட்டு, இன்னொரு புட்டியிலிருந்து சின்ன எலுமிச்சையின் சாறும் சோயா கிச்சாப்பும் கலந்த ஒன்றை மூன்று கரண்டி வாயில் ஊற்றினாள். “எங்க உம்மிக்கு இதுலதான் கொரல் வந்துச்சு” என்றாள். உம்மி என்றால் அவள் அம்மா.

முந்தின நாளே என் குரலைக் கவனித்திருந்த மூன்று பேரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஒருத்திக்கு மற்றவள் கொண்டுவந்தது தெரியாது. இது வேலை செய்ய வேண்டுமானால் வேறெதுவும் சேரக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாய் பேச முடிந்திருந்தால் நான் முதல் பிளாஸ்க்கோடு நிறுத்தியிருப்பேன்.

சாயங்காலப் பயிற்சிக்கு நான் போகவில்லை. போக முடியவில்லை. கழிவறையை விட்டு வெளியே வர என் வயிறு சம்மதிக்கவில்லை. தேடிக்கொண்டு வந்த மூவரும் கதவுக்கு வெளியே நின்று கணக்குப் பார்த்ததில் உண்மை தெரிந்தது.

“நீ கஷாயம் குடுத்தியா? நான் சூட்ட எறக்க மருந்து குடுத்திருக்கேன், அதுக்கு மேல மிளக ஊத்துனியா?”

“உன் தேத்தண்ணிதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. எங்கத்தா மருந்து தோத்ததே இல்ல.”

“கிச்சாப் ஒண்ணும் பண்ணாது” என்று பாலிக் புலாவ் மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள்.

உள்ளே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது.

வாசலில் சண்டை அடுத்த கட்டத்துக்குப் போனது. வேலை முடிந்து அம்மா வந்து நின்றார். நெட்டையின் அம்மா தன் கெரேத்தாவை, அதாவது காரை, ஓட்டிக்கொண்டு வந்திறங்கினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய். அதிலும் சூடு, குளிர்ச்சி என்ற இரண்டு சொல்லை வைத்தே கால் மணி நேரம் வாதாடினார்கள். நெட்டையின் அம்மா என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சூடு என்றார். என் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளிர்ச்சி என்றார். கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தப்பு வெயிலில் நிறுத்திய சிக்கு மேல். அந்த ஒற்றுமையோடு நெட்டையின் அம்மா எங்களைத் தன் கெரேத்தாவிலேயே பெர்ரித்துறையில் கொண்டுவந்து விட்டார். வண்டியில் என் அம்மா அவரிடம் மஞ்சள்பால் எப்படிக் காய்ச்சுவது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் சொன்னது சுருக்கம். குரல்நாண் வீங்கியிருக்கிறது. ஒரு வாரம் வாய் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. போட்டி நாளைக்கு.

கிளினிக்கிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போனோம். சிக்கு அணியைத் திடலின் ஓரத்து மரநிழலில் உட்காரவைத்தார். எப்போதும் அவசரமாகப் பேசுகிறவர் அன்று நிதானமாகப் பேசினார். போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறோம் என்று சொல்லிவிடலாம், இதில் யார் தப்பும் இல்லை, இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அழுதுவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இந்தப் பள்ளியில் எனக்கென்று இருந்தது இந்தக் குரல் ஒன்றுதான். அது போனால் நான் மறுபடியும் அந்தப் பழைய வகுப்பறையில் எழுந்து நிற்கிற பிள்ளை. என்னை நம்பி வெயிலில் நின்றவர்களுக்கும் சேர்த்து வழியை அடைத்துவிட்டேன்.

“சிக்கு, கொமாண்டர் சத்தமா கத்தணும்னு ரூல் இருக்கா?” என்று நெட்டை கேட்டாள்.

“கத்தலன்னா மார்க் போகும். குரலுக்குன்னு தனி மார்க்.”

“மார்க் போகட்டும். வெளிய போடுவாங்களா?”

சிக்கு யோசித்தார். “போட மாட்டாங்க. கட்டளை குடுக்கறது அவளா இருக்கணும். வரிசைக்குள்ள இருந்து வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

சாப்பாட்டுக்கடைக்காரி என் பக்கம் திரும்பி, மலாயை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள். “நீ வாய மட்டும் தொற. மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

அன்று மாலை ஒரே ஒருமுறை செய்து பார்த்தோம். அலங்கோலமாக இருந்தது. பின்வரிசை அரை அடி பிந்தியது. கட்டளைகளின் வரிசை எல்லாருக்கும் மனப்பாடம்தான். ஆனால் எந்த நொடியில் கால் தூக்குவது என்பதைக் கொமாண்டரின் குரல்தான் சொல்லும். தலையைத் திருப்பி என்னைப் பார்க்கவும் கூடாது, பார்வை நேராக இருக்க வேண்டும். சிக்கு எங்களைச் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பினார்.

போட்டி நடந்தது தீவில் இன்னொரு பள்ளியின் திடலில். எங்களுக்கு முன்னால் இறங்கிய அணிகளின் கொமாண்டர்கள் போட்ட சத்தத்தில் வேலி ஓரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. வயிறு ஏற்கெனவே நல்ல நிலையில் இல்லை. எங்கள் பள்ளியின் பெயரை அழைத்தார்கள்.

நான் முன்னால் போய் நின்றேன். மூச்சை இழுத்தேன். வாயைத் திறந்து, ஸெடியா என்ற வடிவத்தில் உதட்டை அசைத்தேன். மூச்சுக் காற்று மட்டும் போனது.

ஒரே ஒரு சத்தம் கேட்டது. அணி முழுவதும் ஒன்றாகக் காலை அடித்து நேராக நின்ற சத்தம்.

கூட்டத்தில் யாரோ, “மைக் கெட்டுப்போச்சா?” என்று கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், அவர்கள் வலது பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறந்தேன், நடந்தார்கள். முந்தின நாள் பிந்திய பின்வரிசை இப்போது பிந்தவில்லை. எப்படி என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நான் மூச்சை இழுக்கும்போது தோள் உயரும் என்று நெட்டை அப்புறம் சொன்னாள். அது ஓரக்கண்ணுக்குத் தெரியும். முன்வரிசை அசைவதை நடுவரிசை உடம்பால் உணரும், நடுவரிசையைக் கடைசி வரிசை உணரும். அதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நடுவில் ஓரிடத்தில், நின்ற இடத்திலேயே காலைத் தட்ட வேண்டும். எட்டுத் தட்டு, பிறகு நிறுத்தம், அப்படித்தான் பழகியிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு நடுவர், சீருடை அணிந்த பெரிய மனிதர், எங்கள் முன்னால் குறுக்கே நடந்து வந்தார். அவர் கடக்கும்வரை நிறுத்தச் சொல்ல முடியாது. எட்டு முடிந்தது. மனப்பாடமாகச் செய்பவர்களாக இருந்தால் அங்கே நின்றிருப்பார்கள். ஒருத்திகூட நிற்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்காகக் காத்திருந்தார்கள். நடுவர் கடந்துபோனார். நான் வாயைத் திறந்தேன். எல்லாக் காலும் ஒன்றாக நின்றன.

 

எங்களுக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குரலுக்கான மதிப்பெண்ணில் முட்டை வாங்கிய அணி நாங்கள் மட்டும்தான். அதற்காக எங்கள் வீடுகளில் யாரும் வருத்தப்படவும் இல்லை. யாருடைய மருந்து கெடுத்தது என்ற விசாரணையில் அவர்கள் மும்முரமாக இருந்தார்கள். அந்த விசாரணையிலேயே என் அம்மாவும் நெட்டையின் அம்மாவும் சிநேகிதிகளாகி, இப்போதும் வாரம் ஒருமுறை போனில் ஒருவர் உடம்பை ஒருவர் விசாரிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது கடைசிக் கட்டளைக்கு முன்னால் நடந்தது. கலைந்து போகச் சொல்வதற்கு முன்னால் அணி நேராக நிற்க, நடுவர்கள் வந்து சீருடையைப் பார்ப்பார்கள். அந்தப் பெரிய மனிதர் முதலில் என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். வரிசை வரிசையாக நடந்து, மூன்றாவது வரிசையின் கடைசிக்குப் போய், பாலிக் புலாவ் முன்னால் நின்றார்.

“கொமாண்டருக்குப் பக்கத்துல நின்னேன். எனக்கு ஒரு கட்டளையும் கேக்கல” என்றார். குரலில் கடுமை இருந்தது. “இவ்வளவு தூரத்துல நிக்கிற. உனக்குக் கேட்டுச்சா?”

எனக்கு உயிரே போய்விட்டது. கேட்கவில்லை, மனப்பாடமாகச் செய்தோம் என்று அவள் சொன்னால், கட்டளை இல்லாமல் அசைந்த அணி என்று எங்களை மொத்தமாக ஒதுக்கிவிடலாம். பாலிக் புலாவுக்குப் பொய் வராது. ஆசிரியர் தவறுதலாக ஒரு மதிப்பெண் கூடப் போட்டுவிட்டால் விடைத்தாளை எடுத்துப்போய்த் திருத்தி வாங்கி வருகிறவள். அவள் கண்ணை நேராக வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

“டெங்கார், துவான்.” கேட்டது, ஐயா.

 அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, “எல்லாருக்கும் கேட்டுச்சா?” என்றார்.

“டெங்கார், துவான்.”

அணி மொத்தமும் சொன்னது. நெட்டையின் குரல், சாப்பாட்டுக்கடைக்காரியின் குரல், என்னோடு சரியாகப் பேசிக்கூட இராத நாலாம் படிவத்துப் பிள்ளைகளின் குரல். பாதித் திடலில் களைத்துப்போகும் குரல்கள்தான் அவை. அன்று வேலிக்கு அந்தப் பக்கம்வரை போயின. நடுவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

நேராக நிற்கும்போது கொமாண்டர் கையை எடுக்கக் கூடாது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மோவாயில் சொட்டி, சட்டையில் விழுந்தது. துடைக்க வழியில்லாமல் அப்படியே நின்றேன். கலைந்து போகச் சொல்ல வேண்டியது நான்தான். என்னால் உடனே வாயைத் திறக்க முடியவில்லை. அந்த வெயிலில் அவர்கள் அசையாமல் நின்றார்கள், நான் சொல்லும்வரை.